மீட்டரில் சமம், காதில் சமமில்லை: ஒரு மிட்-சைட் கச்சேரிப் பதிவின் நிகழ்வு ஆய்வு

சென்னையில் ஒரு வீட்டின் மாடிக் கூடத்தில், ஒலிபெருக்கி வைக்காமல், ஐம்பது பேர் அளவில் தரையில் அமர்ந்து கேட்ட ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியை மிட்-சைட் முறையில் பதிவு செய்தேன். பாட்டு, வயலின், மிருதங்கம், பின்னால் தம்புரா; வேறு கருவி இல்லை. கலைஞர்கள் அனைவரும் அன்று மனம் நிறையும்படி செய்தார்கள். பதிவு மட்டும் கெட்டது. அதற்குக் கருவியின் பழுதோ கூடத்தின் குறையோ காரணமில்லை. இரண்டு மைக்குகளின் அளவைச் சமன்செய்வது என்றால் என்ன என்பதையே நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். அதே புரிதலோடு இந்த முறையைக் கையாளும் வேறு சிலரையும் பின்னர் பார்த்ததால், நடந்ததை எண்களோடு எழுதி வைக்கிறேன்.

முறையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மைக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஏறக்குறைய ஒரே புள்ளியில் நிற்கும். நடு மைக் மேடையை நேராகப் பார்க்கும், என்னுடையது கார்டியாய்டு, அதாவது முன்னால் நன்றாகக் கேட்டுப் பின்னால் செவிடாக இருக்கும் வகை. பக்க மைக் எட்டு வடிவம் கொண்டது. அதன் ஒரு முகம் இடப்புறச் சுவரையும் மறுமுகம் வலப்புறச் சுவரையும் பார்க்க, மேடையின் நடுவுக்கு அது செவிடாக இருக்கும். இட முகத்தில் விழும் ஒலி நேராகவும் வல முகத்தில் விழும் ஒலி தலைகீழாகவும் மின்சாரமாக மாறுவதால், நடுவோடு பக்கத்தைக் கூட்டினால் இடச் சானலும், நடுவிலிருந்து பக்கத்தைக் கழித்தால் வலச் சானலும் கிடைக்கும். இவ்விரண்டையும் மோனோவாக, அதாவது ஒரே சானலாக, சேர்த்தால் பக்கம் முற்றிலும் அடிபட்டுப்போய் நடு மட்டுமே எஞ்சும். இந்தக் கூட்டல் கழித்தல் கணக்கின் வேர், ஆலன் பிளம்லைன் 1931 டிசம்பரில் இங்கிலாந்தில் விண்ணப்பித்த ஸ்டீரியோ காப்புரிமையில் இருக்கிறது. 1950-களில் டென்மார்க் வானொலியின் ஹோல்கர் லௌரிட்சன் இம்முறையை வளர்த்தெடுத்தார். மோனோப் பெட்டியில் கேட்பவருக்குச் சேதமின்றி ஸ்டீரியோ தர முடியும் என்பதே வானொலிக்காரர்களுக்கு இதில் இருந்த பெரிய வசதி.

அமைப்பும் பிழையும்

மைக்குகளைப் பாடகியிடமிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் தள்ளி வைத்தேன். மைக் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் மிருதங்கம் இடப்புறம் 40 பாகையிலும் வயலின் வலப்புறம் 40 பாகையிலும் இருந்தன. கூடத்தில் ஒரு மின்விசிறியை நிறுத்தவே முடியவில்லை. கோடைக்காலம், கூட்டம் வேறு. எட்டு வடிவ மைக் பக்கவாட்டில் மட்டுமே கேட்கும், மேலும் கீழும் கேட்காது என்பதால், ஸ்டாண்டைச் சரியாக அந்த விசிறியின் அடியில் நிறுத்தினேன். அன்று நான் எடுத்த முடிவுகளில் இது ஒன்றுதான் முழுக்கச் சரியானது.

பிறகு கெயின் (மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) வைத்தேன். ஸ்ருதி சேர்த்து முடித்துப் பாடகி ஒரு விருத்தத்தைத் தொடங்க, வயலின் மெல்லப் பின்தொடர, மிருதங்க வித்வான் மேல்சுருதி முகமான வலந்தலையை (மறுமுகம் தாழ்சுருதித் தொப்பி) அவ்வப்போது தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடு மைக்கின் மீட்டர் வேண்டிய உயரத்தில் ஆடியது. பக்க மைக்கின் மீட்டர் மிகவும் தாழ்ந்து கிடந்தது. அதன் குமிழைத் திருகி, இரண்டு மீட்டர்களும் ஒரே உயரத்தில் ஆடும்வரை ஏற்றினேன். சமன்செய்தாகிவிட்டது என்று நினைத்தேன். குமிழ்கள் எந்த எண்ணில் நிற்கின்றன என்பதை எழுதி வைக்கவில்லை. ரெக்கார்டரிலேயே டிகோட் செய்யும் (நடுவையும் பக்கத்தையும் இட-வலமாக மாற்றும்) வசதி இருந்ததால் அதையும் போட்டுவிட்டேன். கோப்பில் ஏறியவை இடமும் வலமும் மட்டுமே, நடுவும் பக்கமும் தனித்தனியாகச் சேமிக்கப்படவில்லை. கூட்டம் வருவதற்கு முன் மேடையில் நின்று ஒரேயொரு முறை பலமாகக் கைதட்டினேன். கூடத்தின் முழக்கம் எப்படி இருக்கிறது என்று பதிவில் கேட்பதற்காக நான் எப்போதும் செய்வது அது. கடைசியில் அந்த ஒரு தட்டல்தான் பதிவைக் காப்பாற்றியது.

கேட்டவர்கள் சொன்னது

மறுநாள் கோப்பைப் பாடகிக்கும் மிருதங்க வித்வானுக்கும் அனுப்பினேன். பாடகி கைபேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, பதிவு அழகாக வந்திருப்பதாகவும் குரல் தெளிவாக இருப்பதாகவும் சொன்னார். வித்வான் ஹெட்ஃபோனில் கேட்டிருந்தார். “தம்பி, என் மிருதங்கம் மேடையிலயே இல்லையே. காதுக்குப் பின்னால எங்கேயோ கேக்குது. தொப்பிக்கு அடியும் இல்ல. நான் அவ்வளவு சத்தமாவா வாசிச்சேன்?” என்றார். “இல்லண்ணா, நீங்க சரியாத்தான் வாசிச்சீங்க, நான் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. வலந்தலையின் சாப்பு அடி இடக் காதுக்கும் அப்பால், பிடிகொடுக்காத ஓரிடத்திலிருந்து வந்தது. தொப்பியின் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி உள்ளீடற்றுப் போயிருந்தது. நடுவில் பாடகி இருந்தார். ஆனால் இருபுறமும் ஓங்கி நின்ற வாத்தியங்களுக்கு இடையில் அமுங்கிப்போயிருந்தார்.

முதலில் இதை இட-வலச் சமநிலைக் குறையாக எடுத்துக்கொண்டேன். இடச் சானலை 2 டெசிபல் குறைத்தேன். மிருதங்கம் இருந்த இடத்திலேயே இருக்க, பாடகிதான் வலப்புறம் நகர்ந்து வயலினோடு ஒட்டிக்கொண்டார். தாழ்சுருதிப் பகுதியை ஈக்வலைசரில் கூட்டினேன். தொப்பிக்கு உருவம் வரவில்லை, விசிறியின் உறுமல்தான் கூடியது. இரண்டு மாலைகள் இப்படியே போயின. பாடகியின் காதும் வித்வானின் காதும் ஒரே கோப்பைப் பற்றி ஏன் இப்படி நேர்மாறாகச் சொல்கின்றன என்ற கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் அந்த இரண்டு மாலைகளும் மிஞ்சியிருக்கும். ஒற்றை ஒலிபெருக்கியில் மோனோவாகக் கேட்டவருக்குப் பக்க மைக் என்ற ஒன்றே கிடையாது. அவருக்குச் சரியாகக் கேட்டு ஹெட்ஃபோனில் கெட்டிருந்தால், குற்றம் பக்கத்தில்தான் இருக்க முடியும். இடமும் வலமும் ஒரே திசையில் அசைகின்றனவா எதிரெதிராகவா என்று காட்டும் கோரிலேஷன் மீட்டரைத் திறந்தேன். மிருதங்கம் விழும் ஒவ்வொரு அடிக்கும் முள் எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

கணக்கு

பக்க மைக்கின் மீட்டர் தாழ்ந்து கிடந்தது இயல்பு. அன்று ஒலித்ததில் பெரும்பங்கு நடுவில் இருந்த குரலும் தம்புராவும். எட்டு வடிவத்தின் செவிட்டுப் பக்கம் அவர்களை நோக்கியே இருந்தது. கேட்காத மைக்கை, கேட்கும் மைக்கின் உயரத்துக்கு மீட்டரில் ஆட வைக்க வேண்டுமானால் அதன் கெயினை அளவுக்கு மீறி ஏற்றித்தான் ஆக வேண்டும். சமன்செய்ய வேண்டியது மீட்டரை அன்று, உணர்திறனை: ஒரே ஒலி இரண்டு மைக்குகளின் முகத்திலும் நேராக விழுந்தால் இரண்டும் ஒரே அளவு மின்னழுத்தம் தரும்படி கெயின் இருக்க வேண்டும். என் நடு மைக் ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு 20 மில்லிவோல்ட் தருவது, பக்க மைக் 12 மில்லிவோல்ட் தருவது. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி 4.4 டெசிபல். அந்த அளவு மட்டுமே பக்கத்துக்குக் கூடுதல் கெயின் நியாயமாகத் தேவைப்பட்டது. அதற்கு மேல் ஏற்றியதெல்லாம் என் பிழை.

பக்கத்தை ஏற்றினால் ஒலிப்பரப்பு விரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பக்கம் ஏற ஏற, மைக்குகள் ஒழுங்காகப் பிடித்து இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு இடையில் வைக்கக்கூடிய கோணம் குறுகும். நடு கார்டியாய்டாக இருந்து, பக்கம் நடுவைவிட 6 டெசிபல் தாழ்ந்திருந்தால், இருபுறமும் 90 பாகைவரை உள்ளவர்கள் ஒலிபெருக்கிகளுக்கு உள்ளே இருப்பார்கள். 3 டெசிபல் தாழ்வு என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 70 பாகை. சமம் என்றால் 53 பாகை. எல்லையில் நிற்கும் கருவி ஒரு சானலில் முழுதாகவும் மற்றதில் இல்லாமலும் இருக்கும். எல்லையைத் தாண்டிய கருவி மற்றச் சானலில் மீண்டும் தோன்றும், ஆனால் போலாரிட்டி (அலையின் ஏற்ற இறக்கத் திசை) தலைகீழாக. அப்போதுதான் ஒலி இடம் தெரியாமல் காதுக்குப் பின்னால் போகிறது, தாழ்சுருதி உள்ளீடற்றுப்போகிறது.

என் பதிவில் பக்கம் இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 9 டெசிபல் கூடுதலாக இருந்தது. அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். 9 டெசிபலுக்கு எல்லைக் கோணம் வெறும் 20 பாகை. என் மிருதங்கமும் வயலினும் 40 பாகையில் இருந்தன. பாடகியையும் தம்புராவையும் தவிர மேடையில் எல்லாமே எல்லைக்கு வெளியே. வேறு வகையில் சொன்னால், எட்டு வடிவ மைக்குகள் இரண்டைக் கிட்டத்தட்ட முதுகோடு முதுகாக, 160 பாகை விலக்கி வைத்துப் பதிவு செய்ததற்கு ஒப்பான நிலை அது.

இந்தக் கணக்கில் என்னை உட்கார்ந்து மறுபடி போட வைத்த ஓர் இடம் உண்டு. 40 பாகையில் உள்ள மிருதங்கத்துக்கு, பக்கம் 3 டெசிபல் தாழ்வாக இருந்தால் இடச் சானல் வலத்தைவிட ஏறத்தாழ 10 டெசிபல் உயர்ந்திருக்கும். அது நல்ல, உறுதியான இட நிலை. பக்கம் 9 டெசிபல் உயர்வாக இருந்தால் அதே வேறுபாடு ஏறத்தாழ 9 டெசிபல். இட-வல மீட்டர்களை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு பதிவுகளும் ஒன்று போலவே தெரியும். வேறுபாடு வலச் சானலில் வரும் அடியின் போலாரிட்டியில் மட்டும் இருக்கிறது. மீட்டரைப் பார்த்துச் செய்த பிழையை மீட்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் நான் திணறியதற்கு இதுவே காரணம்.

பாடகி ஏன் அமுங்கினார் என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. நடுவில் இருப்பவர் பக்க மைக்கில் விழுவதில்லை; பக்கத்தை எவ்வளவு ஏற்றினாலும் அவர் அளவு மாறாது. ஓரத்தில் இருப்பவர்களே ஏறுவார்கள். பாடகியும் மிருதங்கமும் மைக்கை ஒரே வலிமையோடு அடைவதாக வைத்துக்கொண்டால், மோனோவில் மிருதங்கம் பாடகியைவிட 1 டெசிபல் தாழ்ந்து நிற்கும். என் ஸ்டீரியோவில் 6 டெசிபல் உயர்ந்து நின்றது. வித்வான் சத்தமாக வாசிக்கவில்லை. நான்தான் அவரைச் சத்தமாக்கினேன்.

மீட்பு

நடுவும் பக்கமும் தனியாக இல்லையென்றாலும், இடத்தையும் வலத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் நடு திரும்பக் கிடைக்கும். கழித்துப் பாதியாக்கினால் பக்கம் கிடைக்கும். எதுவும் கிளிப் ஆகாதவரை, அதாவது அளவு மீறி அலையின் முகடு வெட்டுப்படாதவரை, இதில் ஒரு துளியும் இழப்பில்லை. இழப்பு ஓரிடத்தில் இருந்தது: மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையில், ஏற்றப்பட்ட பக்கத்தையும் நடுவையும் ரெக்கார்டர் கூட்டியபோது இடச் சானலில் சில அடிகள் முகட்டில் வெட்டுப்பட்டிருந்தன. அந்த அடிகளை இன்றுவரை என்னால் சரிசெய்ய முடியவில்லை.

பக்கத்தைப் பிரித்த பின், எவ்வளவு குறைப்பது என்ற கேள்வி வந்தது. குமிழ்களின் எண்ணை எழுதி வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. அது இல்லாததால், கூட்டத்துக்கு முன் கைதட்டியதை எடுத்தேன். தட்டலின் நேரடி ஒலி இதற்குப் பயன்படாது. அது மேடை நடுவிலிருந்து வந்தது. ஆனால் தட்டலுக்குச் சிறிது நேரத்துக்குப் பின் கூடத்தில் சுழலும் எதிர்முழக்கம் எல்லாத் திசைகளிலிருந்தும் ஏறக்குறைய சமமாக மைக்கை அடைகிறது. அத்தகைய ஒலியில், கார்டியாய்டும் எட்டு வடிவமும், நேர்முக உணர்திறன் சமமாக இருந்தால், ஒரே அளவு ஆற்றலையே வாங்கும்: அதே உணர்திறனுள்ள, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும் ஓம்னி மைக் வாங்குவதில் இரண்டும் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கெயின் சரியாக வைக்கப்பட்ட பதிவில் எதிர்முழக்கத்தின் வால் நடுவிலும் பக்கத்திலும் சம அளவில் இருக்க வேண்டும். தட்டலுக்குப் பின் 0.2 வினாடி முதல் 0.5 வினாடி வரையுள்ள பகுதியை, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, இரண்டிலும் அளந்தேன். பக்கம் ஏறத்தாழ 9 டெசிபல் உயர்ந்திருந்தது. சிறிய கூடத்தில் இந்த அளவு துல்லியமாக இருக்க முடியாது. அரை டெசிபல், ஒரு டெசிபல் அங்குமிங்கும் போகலாம். ஆனால் எங்கே தொடங்குவது என்பதை அது சொல்லிவிட்டது. கச்சேரி முடிவின் கைதட்டலை இதற்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், கூடாது. கூட்டம் மைக்குகளின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கார்டியாய்டு அவர்களுக்குச் செவிடு.

பக்கத்தை 9 டெசிபல் இறக்கினேன். மிருதங்கம் ஒலிபெருக்கிக்குள் வந்தது, ஆனால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. மேலும் 3 டெசிபல் இறக்கியபோதுதான் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் மடியிலிருந்து சாப்பு எழுவதைக் கேட்டேன். தொப்பிக்கு உடம்பு வந்தது. ஈக்வலைசர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாடகியைத் தொடவே இல்லை. அவர் தானாக முன்னே வந்திருந்தார்.

இரண்டாம் பதிவு

அதே கூடத்தில் அதே குழுவின் கச்சேரி மறுபடி அமைந்தபோது, கூட்டத்துக்கு வெகுநேரம் முன்பே போய்விட்டேன். இம்முறை டிகோட் செய்யாமல், நடுவையும் பக்கத்தையும் தனித்தனித் தடங்களில் பதிவு செய்வது என்று முடிவு செய்திருந்தேன். ஹெட்ஃபோனுக்கு மட்டும் டிகோட்.

உணர்திறனைச் சமன்செய்ய ஒரு சிறிய ஒலிபெருக்கியை முக்காலியில் ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தேன். அதற்கும் அருகே வைத்தால் எட்டு வடிவ மைக்கில் தாழ்சுருதி கார்டியாய்டைவிட மிகுதியாகப் பெருகிக் கணக்கைக் கெடுக்கும். பக்க மைக்கின் இட முகத்தையும் நடு மைக்கோடு சேர்த்து அந்த ஒலிபெருக்கியையே பார்க்கத் திருப்பினேன். 500 ஹெர்ட்ஸ் முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ள இரைச்சலை ஒலிக்கவிட்டு, டிகோடரின் வலச் சானலை மட்டும் கேட்டேன். வலம் என்பது நடுக் கழித்தல் பக்கம். இரண்டும் ஒரே ஒலியை ஒரே அளவில் தந்தால் அங்கே எதுவும் மிஞ்சக்கூடாது. பக்கத்தின் கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியபோது இரைச்சல் மெலிந்து, ஓரிடத்தில் அறையின் மங்கலான எதிரொலியாக மட்டும் எஞ்சி, அதைத் தாண்டியதும் மறுபடி பெருகியது. அந்தப் பள்ளத்தில் நிறுத்தினேன். ஒரு டெசிபல் விலகினாலே நேரடி ஒலியின் கழிவு 18 டெசிபல் ஆழத்தோடு நின்றுவிடும், அரை டெசிபல் விலகினால் 25. ஆகவே சரியான இடம் காதுக்கே தெரிந்துவிடுகிறது. அப்போது கெயின் நடுவுக்கு 34 டெசிபல், பக்கத்துக்கு 38.5. கையேட்டில் உள்ள உணர்திறன்களின்படி வரவேண்டிய 4.4-உடன் இது பொருந்தியது. இரண்டு எண்களையும் காகித நாடாவில் எழுதிக் குமிழ்களுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

பக்க மைக்கை மறுபடி இடப்புறம் 90 பாகை திருப்பிய பின், நடுவையும் பக்கத்தையும் சம அளவில் வைத்து, உதவிக்கு வந்திருந்த பையனிடம், “கண்ணா, பேசிக்கிட்டே இந்தக் கோட்டுமேல மெதுவா நட” என்று சொல்லி, மைக்கைச் சுற்றி இடப்புறமாக நடக்கச் சொன்னேன். கோணமானியால் தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தேன். 50 பாகைக் கோட்டைக் கடந்ததும் வலச் சானலில் அவன் குரல் மெலிந்து, கணக்கு சொன்ன 53 பாகையை ஒட்டி ஏறக்குறைய மறைந்து, பின் மறுபடி வந்தது. அவன் நடந்தது இடப்புறம், ஹெட்ஃபோனிலும் இடப்புறமே கேட்டது. ஆகவே எட்டு வடிவத்தின் முகம் மாறவில்லை என்பதும் உறுதியாயிற்று. இடக்கை மிருதங்க வித்வான்கள், பழனி சுப்பிரமணிய பிள்ளை போன்றோர், மேடையில் மறுபுறம் அமர்வார்கள் என்பதால், மிருதங்கம் எந்தப் பக்கம் கேட்கிறது என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்வது பாதுகாப்பில்லை.

மைக்குகள் கலைஞர்களைவிட உயரத்தில் இருந்ததால் இன்னொரு திருத்தமும் செய்தேன். இரண்டு மைக் தலைகளுக்கும் இடையே மேலும் கீழுமாக 3 சென்டிமீட்டர் இருந்தது. ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்துவிட்டு, கீழே 30 பாகையில் உள்ள குரலைப் பிடித்தால், ஒலி ஒரு மைக்கை மற்றதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் தாமதித்து அடையும்; 10,000 ஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட அரை அலை. மேல் சுருதிகளில் கூட்டலும் கழித்தலும் இடம் மாறிவிடும். இரண்டு மைக்குகளையும் தாங்கும் கம்பியையே முன்னோக்கிச் சாய்த்து, இரண்டு தலைகளும் பாடகியின் முகத்துக்குச் சம தூரத்தில் வரும்படி செய்தேன்.

கச்சேரி முழுதும் பக்கத்தின் மீட்டர் நடுவைவிடத் தாழ்ந்தே ஆடியது. தனி ஆவர்த்தனத்தில் மட்டும் நெருங்கி வந்தது. குமிழைத் தொடவில்லை. பக்கத்தைச் சற்று உயர்த்திப் பதிவு செய்வது தானாகக் குற்றம் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். வேறுபாட்டை எழுதி வைத்து டிகோட் செய்யும்போது இறக்கினால் ப்ரீஆம்பின் (மைக்கின் ஒலியைப் பெருக்கும் பகுதியின்) இரைச்சல் சில வேளைகளில் குறையவும் கூடும். எண் தெரியாமல் ஏற்றிவிட்டு டிகோட் செய்ததே என் குற்றம்.

வீட்டில் மூன்று அளவுகளில் கேட்டுப் பார்த்தேன். பக்கம் சமமாக இருந்தபோது மிருதங்கத்தின் இட-வல வேறுபாடு 16 டெசிபல். மூவரும் மூன்று தனித்தனி இடங்களில் உட்கார்ந்திருப்பது போலவும் நடுவே காலி இடம் இருப்பது போலவும் இருந்தது. 6 டெசிபல் தாழ்த்தியபோது வயலின் பாடகியின் நிழலுக்குள் போனது. கல்பனா ஸ்வரத்தில் பாடகி முடிக்க வயலின் எடுக்கும் இடம் பிரியவில்லை. 3 டெசிபல் தாழ்வில் அந்தக் கைமாறல் ஒவ்வொரு முறையும் துல்லியமாகக் கேட்டது. தெருப்பக்கச் சன்னல் வழியே வந்த ஆட்டோவின் ஹாரனும் அந்த அளவில் தாழ்ந்தே நின்றது. அது முழுக்கப் பக்க மைக்கின் வல முகத்தில் விழுந்த ஒலி.

மிருதங்க வித்வானுக்கு அந்த 3 டெசிபல் கோப்பை அனுப்பினேன். ஹெட்ஃபோனிலும் கைபேசியிலும் இரண்டிலும் கேட்டுவிட்டு அழைத்தார். இரண்டாவது கீர்த்தனையின் சரணத்தில் தொப்பியில் அப்பியிருந்த ரவைப் பசை சற்று காய்ந்துபோயிருந்ததாகவும், அது பதிவில் கேட்கிறதாகவும், அடுத்த முறை கச்சேரி நடுவில் தண்ணீர் தொட்டுக்கொள்வதாகவும் சொன்னார்.